லண்டன் – நியூயார்க்: போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

வீட்டுப் பெரியவர் ஒருவர் லண்டனிலிருந்து நியூயார்க் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. மணி பார்த்து மாத்திரை போடுகிறவர். விமானத்தில் எத்தனை வேளை வரும் என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கணக்கில் இறங்கினேன்.

தூரம் லேசான வேலை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கே 51.47, மேற்கே 0.45 டிகிரி. நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வடக்கே 40.64, மேற்கே 73.78. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்து, எக்செலில் ஹேவர்சைன் சூத்திரத்தில் (உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தருவது) போட்டால் சுமார் 5,540 கி.மீ. வருகிறது. கோணங்களை டிகிரியிலிருந்து ரேடியன் என்ற இன்னொரு அலகுக்கு மாற்ற மட்டும் மறக்கக் கூடாது. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை என்பதையும் சேர்த்தால் பத்துப் பதினைந்து கி.மீ. கூடும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

குறுக்கு வழி எது என்று பூகோள உருண்டையில் நூல் பிடித்தும் பார்த்தேன். நியூயார்க் லண்டனுக்குத் தெற்கே இருக்கிறது. ஆனாலும் இழுத்துப் பிடித்த நூல் முதலில் வடமேற்கே ஏறி, அயர்லாந்தைக் கடந்து, நியூஃபவுண்ட்லாந்து வழியாகத்தான் இறங்குகிறது.

நேரம்தான் படுத்தியது. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 6 மணி 10 நிமிடம். கால அட்டவணையிலோ போவதற்கு ஏறக்குறைய 8 மணி நேரம், வருவதற்கு 7. அட்டவணை நேரம் என்பது விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க இடம் கிடைக்காமல் வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். மிச்சம் காற்றின் வேலை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. அது 150 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: போகும்போது 750, வரும்போது 1,050. ஒரே தூரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்! 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னால் தள்ள, ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

அப்புறம் டிக்கெட். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 11க்குக் கிளம்பி மதியம் 2க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், 5 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டி 8 என்று எடுக்க வேண்டும். மார்ச்சில் இரண்டு நாடுகளும் கடிகாரத்தை வெவ்வேறு வாரம் மாற்றுவதால், இடையில் சில நாள் அந்த 5 என்பது 4 ஆகிவிடும்.

கடைசியில் மாத்திரைச் சீட்டு முழுவதையும் லண்டன் நேரத்திலேயே எழுதிக் கொடுத்தேன். கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். தாமதத்துக்காக ஒரு வேளை மாத்திரை கூடுதலாகக் கைப்பையில் வைத்தாயிற்று.