“ஒன்றும் செய்யாது, அம்மா”

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வரும் அந்த அம்மாவை எனக்கு முதலில் அவருடைய பையால்தான் தெரியும். துணிக்கடையொன்றின் பெயர் பாதி அழிந்துபோன பெரிய சொப்பிங் பை. அதற்குள் பழுப்பு உறைகளில் எக்ஸ்றே படங்கள். கிளினிக் நாளில் கொப்பியை நீட்டுவதற்கு முன்பே பையைத் தூக்கி மேசையில் வைத்துவிடுவார். 2009 போரில் பட்ட செல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஒன்று நாரியில், முதுகெலும்பின் வலப்பக்கத்தில் இருக்கிறது. எடுக்கப் போனால் கால் இயங்காமல் போகலாம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டார்கள். நாரி உளையும்போதெல்லாம் பீஸ் இடம் மாறிவிட்டதோ என்ற பயம் அவருக்கு வரும். பயம் வந்தால் வைத்தியசாலை. வைத்தியசாலைக்கு வந்தால் படம்.

மாரி மழை கொட்டிய ஒரு நாள், கிளினிக்கில் ஆட்கள் குறைவு. பையிலிருந்த படங்களையெல்லாம் பரிசோதனைக் கட்டிலில் திகதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் நாரி மட்டும் பதினொரு தடவை. பதினொன்றிலும் அந்த வெள்ளைத் துண்டு, கச்சான் பருப்பு அளவில், அதே இடத்தில், அசையாமல். கொப்பியைப் புரட்டினேன். அதில் மூன்று தடவை படமெடுக்கச் சொல்லி எழுதியிருந்த கையெழுத்து என்னுடையது.

“பிள்ளை, இவ்வளவு படம் எடுத்ததால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதா?” என்று கேட்டார்.

“ஒன்றும் செய்யாது, அம்மா” என்றேன்.

சாப்பிட்டீர்களா என்று கேட்டால் ஓம் என்று சொல்வதுபோல வாயில் வந்த பதில் அது. வேறொருவரின் படத்தைக் கொடுக்க வந்திருந்த ரேடியோகிராபர் அண்ணை கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனபின் மெதுவாகக் கேட்டார்: “டொக்டர், நாரிப் படம் ஒன்று எத்தனை நெஞ்சுப் படத்துக்குச் சமன்?”

“மூன்று, நான்கு இருக்குமா அண்ணை?”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். மேசையிலிருந்த கோரிக்கைப் படிவமொன்றைத் திருப்பி, அதன் முதுகில் எழுதிக் காட்டினார். உடம்பு வாங்கும் கதிரை மில்லிசீவேட் என்ற அலகில் அளப்பார்கள். நெஞ்சுப் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.02 மில்லிசீவேட். நாரிக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை. அதாவது ஐம்பது நெஞ்சுப் படத்துக்கு மேல். தலை சி.ரி. ஸ்கானுக்கு இரண்டு, வயிற்று சி.ரி.க்குப் பத்து வரை போகும். மனிதன் ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவேட் வாங்குகிறான் என்பதையும் அடியில் எழுதி, கோடு போட்டுவிட்டுப் போனார். அந்தத் தாளை நெடுநாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம் படித்தவள் நான். மணிக்கட்டு எலும்பு எட்டின் பெயரையும் நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். கதிரின் அளவைப் பற்றி ஏதோ விரிவுரை நடந்ததாக ஞாபகம். பரீட்சைக்கு வராத பாடம் எங்களுக்குப் பாடமே இல்லை. பிறகு தேடி வாசித்தபோது ஓர் அற்ப ஆறுதல் கிடைத்தது. 2003இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வில் 130 வைத்தியர்களிடம் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். கிடைத்த விடைகளில் 97 வீதமானவை உண்மை அளவைவிடக் குறைவு. அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் இந்தக் கதிரே இல்லை என்பதை அறியாதவர்கள் 5 வீதம். எம்.ஆர்.ஐ.யிலும் இல்லை என்பதை அறியாதவர்கள் 8 வீதம். அங்கேயும் அப்படித்தானா என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். பதினொரு படங்களை நினைத்ததும் மகிழ்ச்சி போய்விட்டது.

அறியாமை ஒரு பக்கமாக மட்டும் சாயவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முந்தைய வருடம், நான் வேறொரு வைத்தியசாலையில் இருந்தபோது, ஆறு மாதக் கர்ப்பிணியொருவர் மூன்று வாரமாக இருமலோடு வந்தார். மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு. நெஞ்சுப் படம் எடுக்கவேண்டிய ஆள். வயிற்றில் பிள்ளை, படம் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். கூட நின்றவர்களும் தலையாட்டினார்கள். சளிப் பரிசோதனை முடிவு வந்து காசநோய் என்று தெரியும்வரை நாட்கள் வீணாயின. வயிற்றை மறைத்து நெஞ்சுப் படம் எடுத்தால் சிசுவுக்குப் போவது ஒரு மில்லிகிரேயின் (இதுவும் கதிரை அளக்கும் அலகுதான்) நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஒன்பது மாதத்தில் இயற்கையாகவே அதற்குக் கிடைப்பது இதைவிடப் பல மடங்கு. ஆக, பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்தேன். யோசிக்கவேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வன்னியில் இது அளவைத் தெரிந்துகொள்வதோடு முடியும் காரியமும் அல்ல. ஒட்டுசுட்டானுக்கு அப்பாலிருந்து பஸ் மாறி வரும் ஒருவரிடம் நோ குறையாவிட்டால் அடுத்த கிழமை வாருங்கள் என்று சொல்ல வாய் வராது. அவருக்கு ஒரு நாள் கூலி போயிருக்கும். வந்த கையோடு எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்றுதான் மனம் சொல்லும். விடுதியிலோ வேறு கதை. காலையில் நிபுணர் சுற்றி வரும்போது “படம் எங்கே?” என்று கேட்டால் நீட்டுவதற்கு ஒன்று வேண்டும். உள்ளகப் பயிற்சிக் காலத்தில் நான் எழுதிய எக்ஸ்றேக்களில் கணிசமானவை நோயாளியின் வருத்தத்துக்காக எழுதியவை அல்ல, அந்தக் கேள்விக்காக எழுதியவை. சிறுநீரகக் கல்லோடு வந்த இளம் விவசாயி ஒருவருக்கு ஒரே கல்லுக்காக ஒரே வருடத்தில், இரண்டு வைத்தியசாலைகளில், மூன்று சி.ரி. எடுத்திருந்தார்கள். முதலாவது தேவைதான். மற்ற இரண்டுக்கும் பதிலாக அல்ட்ராசவுண்ட் போதுமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதலாவதை எடுத்தது இரண்டாவது இடத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பார்களா என்பது வேறு விடயம்.

படமே எடுக்காமல் விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே அம்மாவுக்கு அடுத்த வருடம் வலக்கால் விறைக்கத் தொடங்கியது. முறைப்படி எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும். முள்ளந்தண்டு வடத்துக்குப் பக்கத்தில் என்ன உலோகமென்றே தெரியாத துண்டை வைத்துக்கொண்டு அந்தக் காந்தத்துக்குள் யாரை அனுப்புவது? துண்டு அசையலாம், சூடேறலாம். அதனால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி சி.ரி. எடுப்பித்தோம். கதிர் கூடத்தான். ஆனாலும் அந்தப் படிவத்தில் போட்ட கையெழுத்துக்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை. போரில் பீஸ் பட்டவர்களுக்குக் கதிர் இல்லாத வழி பல வேளைகளில் அடைபட்டிருக்கிறது. அதனாலேயே அவர்களுக்கு வீணாக ஒரு படம்கூட எடுக்கக்கூடாது.

என்னை மிகவும் உறுத்தியது அண்ணையின் சட்டைப்பையில் குத்தியிருக்கும் சிறிய பட்டைதான். அவர் வாங்கும் கதிரை அது பதிந்து வைக்கும். குறித்த காலத்துக்கொருமுறை அதை அனுப்பி அளந்து கணக்கு வைப்பார்கள். கதிரோடு வேலை செய்பவருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவேட் என்று சர்வதேச வரம்பு உண்டு. நோயாளிக்கு வரம்பு இல்லை. நன்மை பெரிதென்றால் எடுக்கலாம் என்பதால் அது நியாயமே. ஆனால் அந்த நன்மையை நிறுத்துப் பார்க்கவேண்டியவள் நான். என் கையில் தராசும் இல்லை, படிக்கல்லும் இல்லை. இயந்திரத்துக்குப் பின்னால் ஈயச் சுவருக்கு அப்பால் நிற்பவருக்குக் கணக்கு இருந்தது. கட்டிலில் படுத்த அம்மாவின் கணக்கு சொப்பிங் பைக்குள் கிடந்தது.

அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். அவருடைய கிளினிக் கொப்பியின் கடைசி மட்டையில் கோடு போட்டு, பையிலிருந்த படங்களின் திகதிகளையும் எந்த உறுப்பு என்பதையும் வரிசையாக எழுதினேன். யாழ்ப்பாணத்து சி.ரி.யையும் பிறகு சேர்த்தேன். இனி எங்கே படம் எடுத்தாலும் இதிலே எழுதச் சொல்லுங்கள், நாரி உளைந்தால் முதலில் காலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்றேன். ‘ஒன்றும் செய்யாது’ என்று சொன்னதையும் திருத்தினேன். ஆபத்து மிகச் சிறியது, ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது, தேவையில்லாமல் இனி எடுக்கவேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. படம் எழுதாத டொக்டர் பார்க்காத டொக்டர் என்பது எங்கள் சனத்தின் கணக்கு.

“அப்படியென்றால் பீஸ் நகரவில்லை என்று எப்படித் தெரியும் பிள்ளை?”

கட்டிலில் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, பெருவிரலை மடக்கச் சொல்லி, பஞ்சால் தொட்டு, சுத்தியலால் தட்டி, பத்து நிமிடம் செலவழித்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அன்று அவர் படம் இல்லாமல் போனார். முழுமனதோடு போனதாகச் சொல்லமாட்டேன்.

நான்கு மாதம் கழித்து வந்தபோது கொப்பியைத் திருப்பிக் கடைசி மட்டையைக் காட்டினார். என் வரிகளுக்குக் கீழே நீலப் பேனையில் புதிதாக ஒரு திகதி. எந்த உறுப்பென்று எழுதியிருக்கவில்லை.

“தனியாரிடம் எடுத்தது. முழங்கால்” என்றார். “எழுதமாட்டேன் என்றுதான் அந்தப் பொடியன் சொன்னான். எழுதினால்தான் காசு தருவேன் என்று நின்றேன்.”