சிப்பிச் செவுளில் ஹெச்எஸ்பி70: எந்த ஆன்டிபாடி, எப்படிச் சோதிப்பது

சித்திரை வெயில் ஏறினால் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் வடகடல், தென்கடல் இரண்டிலும் கரையோரத் தண்ணீர் சுடும். சிப்பி அந்தச் சூட்டை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க விரும்பும் ஆய்வு மாணவர்கள் முதலில் தேடுவது ஹெச்எஸ்பி70 என்ற சூட்டதிர்வுப் புரதத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடியைத்தான். புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில், 70 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் பட்டை விழுந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பட்டை எந்தப் புரதத்துடையது என்று முதலில் தெரிய வேண்டும்.

1962-இல் இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் சூட்டுக்குக் குரோமோசோம்கள் புடைப்பதைக் கண்டதில் தொடங்கிய கதை இது. ஹெச்எஸ்பி70 குடும்பத்தில் இரண்டு வகை உண்டு: உயிரணுவில் எப்போதும் இருப்பவை, சூடோ உலோக நச்சோ பட்டால் பெருகுபவை. மனித உயிரணுவில் இவை 73, 72 கிலோடால்டன் என்று ஒட்டி நிற்பதால் ஜெல்லில் பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால்தான் பெருகும் வகையை மட்டும் பிடிக்கும் சி92எஃப்3ஏ-5 போன்ற க்ளோன்களுக்கு (ஒரே உயிரணு வழியில் வந்த ஆன்டிபாடிகளுக்கு) அங்கே மதிப்பு. சிப்பிக்கு அதையே வாங்குவது பெரும்பாலும் தவறு. மனிதப் புரதத்தில் அது ஒட்டும் இடம் சிப்பியில் மாறியிருக்கலாம். பட்டை விழாவிட்டால் புரதம் இல்லையா, ஆன்டிபாடி ஒட்டவில்லையா என்று சொல்ல முடியாது.

பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுதி 2012-இல் வெளியானபோது அதில் 88 ஹெச்எஸ்பி70 மரபணுக்கள் இருந்தன. மனிதனில் சுமார் 17. ஆனால் நமக்குச் சாதகமான ஒன்றும் அதே சிப்பியில் இருக்கிறது. எப்போதும் இருப்பவை 77, 72 கிலோடால்டன் அருகிலும், சூடுபட்டபின் தோன்றுவது 69 அருகிலும் தனித்தனியாக நிற்கும். ஆகவே குடும்பம் முழுவதையும் பிடிக்கும் 3ஏ3 போன்ற க்ளோனை வாங்கி, பிரிக்கும் வேலையை ஜெல்லிடம் விடுவதே என் தேர்வு. 7.10 க்ளோனும் எல்லாவற்றையும் பிடிக்கும். அது சுண்டெலியில் (மவுஸ்) அல்ல, பெரிய ஆய்வக எலியில் (ராட்) உருவானது. முதல் ஆன்டிபாடியில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் இரண்டாம் ஆன்டிபாடியையும் அதற்கேற்ப வாங்க வேண்டும். இதில் தவறினால் மெம்பரேன் வெறுமையாகத்தான் வரும்.

நம் கடற்கரைச் சிப்பியிலும் பட்டைகள் அதே இடத்தில் விழும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் பிளாட்டிலேயே இரண்டு கட்டுப்பாடுகள் ஓட வேண்டும். ஒன்று, சூடேற்றிய ஹீலா (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித உயிரணு) சாறு, கடையில் கிடைக்கும். இரண்டாவது, நீங்களே சூடேற்றிய சிப்பி. ஒரு வாரம் தொட்டியில் பழக்கிய சிப்பிகளை, தொட்டி வெப்பநிலையைவிட 4, 6, 8 டிகிரி கூடுதலான தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்து, பழைய தண்ணீருக்கே திருப்பி 6 முதல் 24 மணி நேரம் விடுங்கள். இந்த ஓய்வை விட்டுவிட்டு உடனே அறுத்தால் புரதம் உருவாகவே நேரம் இருந்திருக்காது. ஹீலாவில் பட்டை விழுந்து சிப்பியில் விழாவிட்டால் உங்கள் கைவேலை சரி, ஆன்டிபாடிதான் பொருந்தவில்லை.

கரையில் எடுக்கும் மாதிரி தனிக் கவலை. ஓடு மூடிய சிப்பியை வாளியில் போட்டு வெயிலில் பேருந்தேற்றி ராமநாதபுரமோ மதுரையோ கொண்டுபோனால், நீங்கள் அளப்பது கடலின் சூட்டை அல்ல, பயணத்தின் சூட்டை. எடுத்த இடத்திலேயே செவுளை வெட்டித் திரவ நைட்ரஜனிலோ உலர்பனியிலோ போட வேண்டும். ஐஸ் கம்பெனிக் கட்டி சில மணி நேரத்துக்கு உயிரைக் குளிர்விக்கும். வெட்டிய திசுவுக்கு அது போதாது. செரிமானச் சுரப்பியைக் கத்தி தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் புரதம் சிதைக்கும் நொதிகள் கலந்தால் 70-க்குக் கீழே படிப்படியாகப் பட்டைகள் விழும். பலர் அதை ஆன்டிபாடியின் குற்றம் என்கிறார்கள்.

100 மில்லிகிராம் செவுளுக்கு 500 மைக்ரோலிட்டர் குளிர்ந்த ரிப்பா பஃபர் (திசுவை உடைத்துப் புரதத்தைக் கரைக்கும் கரைசல்), நொதித்தடுப்பிகளோடு. பிஎம்எஸ்எஃப் என்ற நொதித்தடுப்பியைச் சேர்ப்பதானால் அரைக்கும் நிமிடத்தில் சேருங்கள், தண்ணீரில் அது சீக்கிரம் செயலிழக்கும். அரைத்ததை சென்ட்ரிஃப்யூஜில் 12,000 ஜி-யில் 20 நிமிடம், 4 டிகிரியில் சுழற்றுங்கள். பஃபரில் சோப்புப் பொருள் இருப்பதால் புரத அளவைப் பிராட்ஃபோர்டு முறையில் பார்க்க வேண்டாம், பிசிஏ முறையில் அளந்துகொள்ளுங்கள். ஜெல்லின் குழிக்கு 20 மைக்ரோகிராம் புரதம். 8 சதவீத ஜெல்லைச் சாயம் அடியைத் தொட்டபின்னும் சற்று ஓடவிட்டால் 69-உம் 72-உம் விலகும். முதல் ஆன்டிபாடி 1:1000-இல் தொடங்கி, 4 டிகிரியில் இரவு முழுக்க.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பரேனை மூடும் 5 சதவீதப் பால்பொடிக் கரைசலை அன்றன்று கலக்குங்கள். இந்தக் கரையின் புழுக்கத்தில் மேசைமேல் வைத்த பால் சீக்கிரம் திரிந்து, மெம்பரேன் முழுக்கக் கரும்புள்ளியாகும். அது கெடாமல் இருக்க சோடியம் அசைடு போடுகிறவர்கள் உண்டு. ஹெச்ஆர்பி (பட்டையை ஒளிரவைக்கும் நொதி) ஒட்டிய இரண்டாம் ஆன்டிபாடியில் அசைடு பட்டால் நொதி செத்துவிடும், ஒளி வராது.

ஆன்டிபாடி வந்த அன்றே 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். அடிக்கடி மின்சாரம் போகிற இடத்தில் தானாக உறைபனி நீக்கும் ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். உறைந்து உருகி, உறைந்து உருகி ஆன்டிபாடி திரண்டுவிடும். பாதி கிளிசரால் கலந்தே வருவது என்றால் மைனஸ் 20-இல் உறையாது, பிரிக்கவும் தேவையில்லை.

பவளத்தில் இதையே செய்ய ஆசைப்படுவோருக்கு: பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. அனுமதி இல்லாமல் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும், பவளத்துக்குள் வாழும் பாசிக்கும் சொந்த ஹெச்எஸ்பி70 உண்டு. குறைந்த வேகத்தில் சுழற்றிப் பாசியை முதலில் இறக்காவிட்டால் இரண்டும் கலந்தே அளவாகும்.

குழிக்குக் குழி புரத அளவை ஒப்பிட, ஆக்டின் என்ற புரதத்தை நம்புவதைவிட, எல்லாப் புரதத்தையும் நிறமேற்றும் பான்சோ எஸ் சாயம் மேல். சூட்டில் ஆக்டினே மாறலாம். புரதம் மாற்றிய மெம்பரேனை 0.1 சதவீதப் பான்சோவில் 5 நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசி, பாலில் போடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். 69 பட்டையின் அளவை அந்தக் குழியின் மொத்தச் சாய அளவால் வகுத்தால் வரும் எண்ணைத்தான் அட்டவணையில் எழுத வேண்டும்.