டிஸர்டேஷனுக்கு ஒரு நடிகையை எடுக்கலாமா? ஆஷ்லி ஜென்சனைப் படித்த அனுபவம்

கிளாஸ்கோவில் தொலைக்காட்சி ஆய்வில் முதுகலை படிக்க வரும் நம் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "டிஸர்டேஷனுக்கு (முதுகலை ஆய்வேட்டுக்கு) ஒரு நடிகையின் வாழ்க்கையை எடுத்தால், வெறும் வாழ்க்கைக் குறிப்பாகப் போய்விடாதா?" போகாது, தாராளமாக எடுக்கலாம். நான் எடுத்தது ஸ்காட்லாந்து நடிகை ஆஷ்லி ஜென்சனை. அந்தத் தலைப்போடு மாதக்கணக்கில் வாழ்ந்து, வைவா என்ற வாய்மொழித் தேர்வும் முடித்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்: ஒரு நடிகையின் கதையில் ஆய்வுக்குப் பயன்படும் சரக்கு பெரும்பாலும் அவர் பெயர் வெளியே தெரிவதற்கு முந்தைய ஆண்டுகளில்தான் இருக்கிறது.

ஜென்சன் 1969-ல் ஸ்காட்லாந்தின் தெற்கு ஓரத்தில், இங்கிலாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் அன்னன் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். எடின்பரோவில் அன்று குயின் மார்கரெட் கல்லூரியாக இருந்து பிறகு பல்கலைக்கழகமான இடத்தில் நாடகம் படித்தார். பலருக்கு அவரைத் தெரியவைத்தது 2005-ல் பிபிசி 2-ல் வந்த 'எக்ஸ்ட்ராஸ்', படப்பிடிப்பில் கூட்டத்தோடு நிற்கும் துணை நடிகர்களைப் பற்றிய காமெடித் தொடர். அப்போது அவருக்கு வயது 35. அந்த ஆண்டு பிரிட்டிஷ் காமெடி விருதுகளில் சிறந்த நடிகை விருதோடு சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே கிடைத்தது.

என் கட்டுரை பிறந்ததே அந்தப் புதுமுகம் விருதில்தான். 90-களின் தொடக்கத்திலிருந்தே தொலைக்காட்சியில் நடித்துக்கொண்டிருந்தவர் எப்படிப் புதுமுகம் ஆனார்? வட கடல் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களைப் பற்றிய 'ரஃப்நெக்ஸ்', வக்கீல் அலுவலகத்தில் நடக்கும் காமெடித் தொடரான 'மே டு டிசம்பர்', மான்செஸ்டர் துணி ஆலையைச் சுற்றி நடக்கும் 'கிளாக்கிங் ஆஃப்' என்று வரிசையாகச் செய்திருக்கிறார். இவ்வளவு செய்தும், தொலைக்காட்சித் துறையின் கண்ணுக்கு அவர் 2005-ல்தான் தென்பட்டார் என்றால், பார்க்கும் கண்ணைப் பற்றி அது என்ன சொல்கிறது? இந்த மாதிரி ஒரு முரண் கையில் கிடைத்தால் விடாதீர்கள். அது இல்லாமல் தலைப்பைப் பதிவு செய்யவும் வேண்டாம். "இவர் சிறந்த நடிகை" என்பது பாராட்டு. அதை வைத்து முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதே சிரமம்.

அப்புறம் ஆண்டுக் கணக்கு. ஒரு தொடர் எடுக்கப்பட்ட ஆண்டு, ஒளிபரப்பான ஆண்டு, வேறு நாட்டில் வெளியான ஆண்டு மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஜென்சன் நடித்த 'அகாதா ரெய்சின்' நல்ல உதாரணம். தொடருக்கு முன் வெள்ளோட்டமாக எடுத்த படம் 2014 டிசம்பரில் பிரிட்டனின் ஸ்கை 1 சேனலில் வந்தது, தொடர் வந்தது 2016-ல், அதற்குப் பிந்தைய பாகங்களுக்கு ஏக்கார்ன் டிவி என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம் வந்து சேர்ந்தது. யார் பணம் போட்டார்கள் என்பது மாறும்போது எபிசோட்டின் நீளம், எதிர்பார்க்கும் பார்வையாளர்கள், எல்லாமே மாறும். ஒரே வரியில் "2014 முதல்" என்று எழுதிவிட்டால் அந்த மாற்றம் முழுதும் காணாமல் போய்விடும்.

எபிசோட் எண்ணிக்கையை மதிப்பெண் தரும் விஷயமாக யாரும் நினைப்பதில்லை. எனக்கு ஒரு முழு அத்தியாயமே அதிலிருந்துதான் கிடைத்தது. 'எக்ஸ்ட்ராஸ்' இரண்டு சீசன், தலா ஆறு எபிசோட், கடைசியில் 2007 டிசம்பரில் ஒரு சிறப்புப் பகுதி. மொத்தமே 13. அதை எழுதி இயக்கியவர்கள் ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்சன்ட் என்ற இரண்டே பேர். 2006-ல் ஜென்சன் அமெரிக்காவின் ஏபிசி-யில் 'அக்லி பெட்டி'க்குப் போகிறார். (இதற்கு மூலமான கொலம்பியத் தொடர்தான் இந்தியில் 'ஜஸ்ஸி'யாக வந்தது.) அதில் முதல் சீசன் மட்டும் 23 எபிசோட், நான்கு சீசனும் சேர்த்து 85. பெரிய எழுத்தாளர் குழு, வாரா வாரம் புது ஸ்கிரிப்ட். 2007 நவம்பரில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியதால் இரண்டாவது சீசன் 18-ல் நின்றது. ஆறு எபிசோட்டில் ஒரு பாத்திரத்தை இழை இழையாகச் செதுக்க முடியும். 23-ல் அப்படி முடியாது. அங்கே பாத்திரத்தைத் தாங்கிப் பிடிப்பது நடிகையின் குரலும் நேரம் தவறாத நகைச்சுவையும்தான். பத்திரிகை அலுவலகத்தில் உடை தைக்கும் கிறிஸ்டினாவாக அவர் தன் ஸ்காட்டிஷ் பேச்சை மாற்றாமலே நடித்தார். அமெரிக்க வீட்டு ஹாலில் அந்த உச்சரிப்பு ஒலித்ததைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

இனி காட்சியைப் படிக்கும் முறை. இதைச் செய்யாதவர்கள் வைவாவில் திணறுவதை நேரில் பார்த்திருக்கிறேன். பத்துத் தொடர்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இரண்டே காட்சிகளை எடுத்து உட்காருங்கள். நான் எடுத்த இரண்டும் 'எக்ஸ்ட்ராஸ்' தொடரிலிருந்துதான். முதலாவது, துணை நடிகையான மேகி (ஜென்சனின் பாத்திரம்) தன் நண்பன் ஆண்டியிடம் "இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னா எதை எடுப்ப?" என்று கிறுக்குத்தனமான கேள்விகளாக அடுக்கும் பேச்சு. அதில் ஜென்சன் சிரிப்பு மூட்ட முயல்வதே இல்லை. பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்ற குழந்தையின் தவிப்போடு கேட்கிறார், சிரிப்பு தானாக வருகிறது. இரண்டாவது, கடைசிச் சிறப்புப் பகுதி. துணை நடிகை வேலையை விட்டுவிட்டு, துப்புரவு வேலை செய்து, சின்ன அறையில் காலம் தள்ளுகிறாள் மேகி. ஆண்டி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து மனம் திறந்து பேசுவதை அவள் பார்க்கிறாள். பேச்செல்லாம் ஆண்டியுடையது, மேகிக்கு முகம் மட்டும்தான். இதே சிறப்புப் பகுதிக்காகத்தான் 2008-ல் ஜென்சன் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண் எப்போது அசைகிறது, எந்த இடத்தில் கேமரா அவரை விட்டுப் போகிறது, எந்த இடத்தில் திரும்ப வருகிறது என்று நிமிடம், நொடியோடு குறியுங்கள். பிறகு சத்தத்தோடு பாருங்கள். வைவாவில் "அவர் உணர்ச்சிகரமாக நடித்தார்" என்றால் அடுத்த கேள்வி பாயும். "இந்த நொடியில் வசனமில்லாமல் இவ்வளவு நேரம் முகத்தில் நிற்கிறது ஷாட்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் குறிப்பெடுக்க ஆரம்பிப்பார்கள்.

சொந்த வாழ்க்கையில் எவ்வளவு சேர்ப்பது? நடிப்பைத் தொடாத எதையும் சேர்க்காதீர்கள். ஜென்சன் வாழ்க்கையில் பெரிய துக்கம் உண்டு, பத்திரிகைகள் அதைப் பலமுறை எழுதிவிட்டன. மனைவியை இழந்தவனின் கதையான 'ஆஃப்டர் லைஃப்' தொடரில் அவர் நர்ஸாக நடித்ததையும் அந்தத் துக்கத்தையும் முடிச்சுப் போட ஆசை வரும். வேண்டாம். அவரே நடிப்போடு இணைத்துப் பேசிய பேட்டி கையில் இல்லாதவரை அது நம் ஊகம், அதுவும் இன்னொருவருடைய வலியின் மேல் கட்டும் ஊகம். என் ஆய்வு வழிகாட்டி இதில் மிகவும் கண்டிப்பு, நானும் இப்போது அப்படித்தான்.

கடைசி அத்தியாயத்துக்கு 'ஷெட்லாந்து' என்ற போலீஸ் தொடர் கட்டாயம். ஏழாவது சீசனோடு அதன் நாயகன் டக்ளஸ் ஹென்ஷல் விலகிய பிறகு, 2023-ல் எட்டாவது சீசனில் ரூத் கால்டர் என்ற போலீஸ் அதிகாரியாக ஜென்சன் வந்தார். மூலமான ஆன் கிளீவ்ஸின் நாவல்களில் கால்டர் கிடையாது, தொடருக்காகவே உருவாக்கிய பாத்திரம். லண்டனில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டுத் தான் பிறந்த தீவுக்குத் திரும்புகிறவள். உடனே "நடிகையும் தாய்மண்ணுக்குத் திரும்பினார்" என்று எழுதத் தோன்றும். அன்னன் எங்கே, ஷெட்லாந்து எங்கே? ஒன்று இங்கிலாந்து எல்லையில், மற்றொன்று வடக்கே கடலுக்கு நடுவில், தனக்கென்று ஒரு பேச்சுவழக்கோடு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் வளர்ந்த தேர்வாளர் யாராவது எதிரில் உட்கார்ந்திருந்தால் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் கேட்பார். எட்டாவது சீசனின் முதல் எபிசோடில் கால்டர் உள்ளூர்க்காரர்களிடம் எப்படிப் பேசுகிறாள், சக போலீஸ் அதிகாரி டாஷாக வரும் அலிசன் ஓ'டொனல் அவளை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைக் குறிப்பெடுத்து வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.