பூச்சிக்கும் இஞ்சி, நமக்கும் இஞ்சி

மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடியில் அசுவினிப் பூச்சி. பக்கத்து வீட்டு அக்கா இன்று இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அரைத்துக் கரைத்து, வடிகட்டித் தெளித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போன எனக்கே கண் எரிந்தது.

"பூச்சிக்கு எப்படி இருக்கும் பாரு!" என்று சிரித்தார்.

மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கால் ஓடவா முடியும்? தன்னைத் தின்ன வரும் பூச்சி, பூஞ்சைகளுக்கு எதிராக அது வைத்திருக்கும் ஆயுதங்களில் காரமும் ஒன்று.

பச்சை இஞ்சியின் காரத்துக்கு முக்கியக் காரணம் ஜிஞ்சரால். இஞ்சியைச் சூட்டில் உலர்த்தினால் ஜிஞ்சரால் மூலக்கூறு ஒரு தண்ணீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிவிடுகிறது. அதன் காரம் இரண்டு மடங்குக்கும் மேல். சுக்கு தொண்டையில் ஏறுவது இதனால்தான். வலியும் வீக்கமும் தரும் அழற்சியைத் தூண்டும் பொருட்களைத் தடுப்பதிலும் ஷோகால் ஜிஞ்சராலை முந்துவதாக ஆய்வக சோதனைகள் காட்டியிருக்கின்றன.

ஆய்வகத்தில்தான். உயிரணுக்களில் நடப்பதெல்லாம் நம் முட்டியிலும் நடந்துவிடாது. "சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை" என்பது எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் சுக்குப்பொடி எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், எல்லாச் சூடும் ஒன்றல்ல. குழம்பில் கொதிக்கும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஜிஞ்சரோனாகவும் மாறும். அது சாது, காரம் குறைவு, லேசான இனிப்பு வாசனை.