சைகை மொழியைப் பட்டப்படிப்பாகப் படிப்பது

பல்கலைக்கழகத்தில் சைகை மொழியைப் பாடமாக எடுப்பவர்கள் பலரும் கையசைவுகளை மனப்பாடம் செய்தால் போதும் என்று எண்ணியே வருகிறார்கள். ஆனால் புருவத்தை உயர்த்துவதுகூட ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்கிவிடும் இலக்கணம் என்பது விரைவிலேயே புரிந்துவிடுகிறது. அமெரிக்கச் சைகை மொழிக்குக் கைவடிவம், இடம், அசைவு ஆகியவற்றாலான தனிக் கட்டமைப்பு உண்டு என்பதை மொழியியல் ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் எடுத்துக்காட்டினார். (அம்மொழி பிரிட்டனின் சைகை மொழிக்கு அல்லாமல் பிரெஞ்சுச் சைகை மொழிக்கே நெருங்கிய உறவு என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.) காதுகேளாதோர் பள்ளிகளில் சைகையைவிட வாய்மொழிக் கல்வியே (பேச்சின் வழிக் கற்பித்தலே) சிறந்தது என்று 1880இல் மிலான் மாநாடு தீர்மானித்ததையும், 1988இல் அமெரிக்காவில் காதுகேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழக மாணவர்கள் போராடிக் காதுகேளாத ஒருவரை முதன்முறையாகத் தலைவராகப் பெற்றதையும் அறியாமல் பட்டம் பெறுவது அரைகுறைப் படிப்பு என்பேன். எனவே, காதுகேளாதோரே ஆசிரியர்களாக இருக்கும் துறையைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் ஆலோசனை கேட்பவர்களிடம் சொல்கிறேன்.