சந்தேகத்தோடும் ஏறலாம் கோணேசர் மலைக்கு

திருகோணமலையில் கோணேசர் என்ற பெயரில் இருக்கும் சிவனைக் கும்பிட வருகிறவர்களுக்கு வழி நெடுகச் சான்று காட்ட ஆள் இருக்கும். கன்னியாவில் சுடுகிற தண்ணீர், கோட்டை வாசலில் தீர்க்கதரிசனக் கல், பாறையில் இராவணன் வாள் பட்ட வெட்டு, சுனாமி தொடாத கோயில் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "இதுக்கு மேலயும் கடவுள் இல்லையெண்டு சொல்லுவீங்களோ?" என்று கேட்பார்கள். இவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் புவியியல் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். கடைசியில் கடவுளும் கழன்றுவிடுவார். சைவம் கடவுளுக்குச் சொன்ன காரணங்கள் வேறு. இல்லையென்றவர்கள் சொன்ன காரணங்களையும் அது ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இந்தத் தலத்தைத் தரிசிக்க ஒரு ஒழுங்கு உண்டு.

முதலில் காலம். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று, அனல் போல அடிக்கும். மாசி, பங்குனி நல்லது. கொழும்பிலிருந்து இரவு ரயில் எடுத்தால் விடியும்போது திருகோணமலையில் இறங்கலாம். மலையில் செருப்பில்லாமல் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பாறையும் சீமெந்துத் தரையும் உள்ளங்காலைச் சுட்டுவிடும். சிறுபிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகிறவர்கள் காலை 8 மணிக்குள், அல்லது வெயில் சாய்ந்த பிறகு ஏறுவதே சரி. மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதால் அந்த நேரத்தில் போய் அலைய வேண்டாம்.

கன்னியாவை முதலில் முடித்துவிடுங்கள். ஊரிலிருந்து அனுராதபுரம் போகும் வீதியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். ஓட்டோ பிடித்தால் போகவும் வரவும் சேர்த்துக் கூலியை முதலே பேசிக்கொள்ளுங்கள். இடம் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது; நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். ஏழு கிணறுகள் என்று சொன்னாலும் ஊர்க்கிணறு போல ஆழமில்லை. சதுரமாகக் கட்டிய சிறு தொட்டிகள் போல, அடி தெரியும் ஆழத்தில் தண்ணீர் நிற்கும். உள்ளே இறங்கக் கூடாது, வாளியால் அள்ளி வார்க்க வேண்டும். சவர்க்காரம் போட வேண்டாம். ஏழையும் தொட்டுப் பார்த்தால் சூடு ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். 40 பாகை செல்சியஸை ஒட்டிய சூடுதான். கொதிநீர் என்று பயந்து குழந்தைகளைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. எடுத்த எடுப்பில் தலைக்கு வார்க்காமல் காலிலிருந்து தொடங்குங்கள். மாற்று வேட்டி, சேலை கையில் இருக்கட்டும்.

தாயின் கடன் கழிக்க இராவணன் வாளால் குத்திய ஏழு இடங்கள் இவை என்பது ஐதீகம். இன்றும் திருகோணமலைச் சைவர்கள் இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு இங்கே வருகிறார்கள். ஆனால் இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போக நிலம் சூடேறும். பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு 25 பாகை அளவில் கூடும். அப்படிச் சூடான நீர் இன்னொரு வெடிப்பு வழியே வேகமாக மேலே வருகிறது. ஒவ்வொரு கிணற்றிலும் மேல்மட்டத்துக் குளிர்நீர் வெவ்வேறு அளவில் கலந்தால் சூடும் வேறுபடும். ஆகவே இந்தச் சூடு கடவுளுக்குச் சான்றாகாது. ஆனாலும் தாயைப் பறிகொடுத்தவன் 31ஆம் நாள் இந்தத் தண்ணீரைத் தலையில் வார்க்கும்போது பாறை வெடிப்புக் கணக்கு அவனுடைய கேள்விக்கு விடையாவதில்லை. தண்ணீர் ஏன் சுடுகிறது என்பதும், போன அம்மாவுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் விடையை மற்றதற்குக் கொடுக்கும்போதுதான் சமயமும் கெடுகிறது, படிப்பும் கெடுகிறது.

நகரத்துக்குத் திரும்பி, கோயில் மலைக்கு வழிவிடும் பிரட்றிக் கோட்டை வாசலுக்கு வாருங்கள். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் வாசலில் நிறுத்தி விசாரிக்கலாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அவசரமாக உள்ளே போய்விடாமல் வாசல் கல்லைப் பாருங்கள். இரட்டை மீன் செதுக்கிய கல்லும், அதன் அருகே தேய்ந்த தமிழ் எழுத்தும் தெரியும். குளக்கோட்டன் என்ற பழைய அரசன் இந்தக் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்று முன்கூட்டியே சொன்ன கல் என்பார்கள். கல்லில் எழுத்து பல இடங்களில் சிதைந்து போயிருக்கிறது. வாய்வழியாக வந்த பாட்டைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பித்தான் முழுமையாக வாசிக்கிறார்கள். நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு நிரப்பிய தீர்க்கதரிசனம் எதிராளிக்கு முன்னால் நிற்காது. அந்தக் கல்லில் மறுக்க முடியாதது வேறொன்று. அது கோயில் கல். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். நீங்கள் நுழைகிற வாசலே இடிந்த கோயிலின் ஒரு துண்டு.

கடவுள் இல்லை என்பவருக்கு இந்தத் தலம் தரும் மிக வலுவான காரணமும் இதுதான். தன் வீட்டையே காக்க முடியாதவர் நம்மை எப்படிக் காப்பார்? இதைக் கேட்கிறவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. "சோதனை" என்று ஒரு சொல்லில் மூடவும் கூடாது. அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் வையுங்கள். 1622இலிருந்து 1963 வரை, 341 ஆண்டுகள், பழைய கோயில் இருந்த முனையில் அதற்கீடான கோயில் கிடையாது. ஆனாலும் சனம் வந்தது. கோட்டைக்குள் அந்நியப் படை இருந்த காலத்திலும் பாறை நுனியில் நின்று தேங்காய் உடைத்து, பூவையும் பழத்தையும் கடலுக்குள் இட்டுப் பூசை நடந்தது. 1950இல் கிணறு வெட்டிய இடத்தில் சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. இடிக்க வருகிறவனுக்குத் தெரியாமல் எடுத்துப் புதைத்தவர்களின் வேலை என்றே ஊர் நம்புகிறது. 1963இல் புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இதனால் கடவுள் உண்டென்று நிறுவிவிட முடியாது. பலன் கண்டு கும்பிடுகிறது மட்டும்தான் பக்தி என்றால் இந்தப் பாறையில் அது 1622லேயே முடிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் இது காட்டுகிறது.

மேலே ஏறும் வழியில் புள்ளிமான்கள் நிற்கும். பழம் நீட்டினால் கைக்கு வரும். அர்ச்சனைச் சாமானைச் சொப்பிங் பையில் கொண்டுபோகாதீர்கள். மான் பையோடு பறித்துத் தின்றுவிடும். பொலித்தீன் வயிற்றில் அடைத்து மான்கள் செத்திருக்கின்றன. பனையோலைப் பெட்டியோ துணிப்பையோ போதும்.

கோயிலுக்கு அருகே கடலைப் பார்த்த செங்குத்துப் பிளவுதான் இராவணன் வெட்டு. கம்பிக்கு அப்பால் படம் எடுக்கப் போகக் கூடாது. காற்று திடீரென்று தள்ளும். கடினமான பாறையில் இயல்பாக ஓடும் வெடிப்பைக் கடலும் மழையும் அகலமாக்கினால் இப்படித்தான் இருக்கும். கோணேசரைப் பாறையோடு பெயர்த்துக்கொண்டு போக இராவணன் வெட்டினான் என்பது கதை. அதன் கருத்தோ வேறு இடத்தில் இருக்கிறது. இறைவனைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவனின் தோல்வி அது. வெட்டைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

பக்கத்து மரத்தில் தொட்டில்கள் தொங்கும். உள்ளங்கை அகலத்தில் சின்ன மரத்தொட்டில், நான்கு மூலையிலும் நூல், உள்ளே ஒரு துண்டு மஞ்சள் துணி. குழந்தை வேண்டி நேர்ந்தவர்கள் கட்டியவை. கட்டுவதானால் பருத்தி நூலோ கிழித்த துணியோ எடுங்கள். நைலோன் கயிறு வழுக்கி முடிச்சு அவிழும். கச்சான் அடிக்கிற நாளில் தொட்டில் கழன்று கீழே கிடக்கும். அதைக் கண்டு அபசகுனம் என்று அழத் தேவையில்லை, முடிச்சுத்தான் பிழை. இவ்வளவு தொட்டில் தொங்குகிறதே, இத்தனை பேருக்கும் பலித்ததே என்று எண்ணிக்கையைக் காட்டுவதும் பிழை. பலித்தவர் பிள்ளையோடு திரும்பி வந்து நாலு பேருக்குச் சொல்வார். பலிக்காதவர் பேசாமல் வீட்டில் இருப்பார். அவர் கட்டிய தொட்டிலும் இதே மரத்தில்தான் ஆடுகிறது. நேர்த்திக்கடனை வியாபாரமாக எண்ணி வந்தவர்களே அதிகம் உடைந்து போகிறார்கள். "இதைத் தா, அதைத் தருகிறேன்" என்று வராமல், மனத்தில் கிடக்கும் பாரத்தைச் சொல்லிவிட்டுப் போக வந்தால் வெறுங்கையோடு போனாலும் கோபம் மிஞ்சாது.

சுனாமிக் கதைக்கும் இதே அளவுகோல்தான். 2004 மார்கழி 26இல் அலை வந்தபோது கோயில் தப்பியது, ஏனென்றால் அது உயரமான பாறையில் இருக்கிறது. தாழ்ந்த கரையில் இருந்த வீடுகள் போயின, பிள்ளைகள் போனார்கள். கோயிலைக் காத்தார் என்று மகிழ்கிற வாய், அந்தப் பிள்ளைகளை ஏன் விட்டார் என்ற கேள்விக்கும் நிற்க வேண்டும். பிள்ளையைக் கொடுத்த வீட்டில் இந்தச் சான்றைச் சொல்வது பாவம்.

உள்ளே போக முன் அர்ச்சனைத் தட்டைச் சரி பாருங்கள். தேங்காய், வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்பூரம், ஊதுபத்தி, பூ, கிடைத்தால் வில்வம். தேங்காயை ஆட்டி நீர்ச்சத்தம் கேட்டு வாங்குங்கள். சத்தமில்லாதது உடைக்கும்போது அழுகலாக இருக்கலாம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொள்வது ஈழத்துக் கோயில் வழக்கம்.

தட்டில் இருக்கிற வெற்றிலையையும் பாக்கையும் ஒரு நிமிடம் பாருங்கள். கடவுள் இல்லை என்பவரின் பழைய வாதம் அதில் இருக்கிறது. வெற்றிலையில் சிவப்பில்லை, பாக்கில் இல்லை, சுண்ணாம்பில் இல்லை; மூன்றும் சேர்ந்தால் சிவப்பு வருகிறது. அப்படியே மண், நீர், தீ, காற்று சேர்ந்தால் அறிவு வருகிறது, பிரிந்தால் போகிறது, உயிரென்றும் இறைவனென்றும் தனியாக ஒன்றில்லை என்றார்கள் உலகாயதர். சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்ற நூலில் பிறர் கொள்கைகளைச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தில் முதலில் பேசவிட்டது இவர்களைத்தான். எதிராளியின் வாதத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டே அதை மறுத்தார். அந்த நேர்மையை நாம் இழந்துவிட்டோம். இல்லை என்கிற பிள்ளையை வீட்டில் அதட்டி அடக்குகிறோம்.

சைவத்தின் விடை 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவதிலேயே வருகிறது. அவன், அவள், அது என்று சுட்டிக் காட்டக்கூடிய இந்த உலகம் தோன்றும், நிற்கும், அழியும். அப்படிப்பட்டது தானாக இயங்காது. இயக்குகிறவன் ஒருவன் வேண்டும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை மண், சத்தி சக்கரம், சிவன் குயவன். வெற்றிலைக்கும் இதே விடை: மூன்றையும் கூட்டுவித்தவன் யார்? இது காட்சியால் வந்த முடிவில்லை, அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்றது. இதை மறுக்கவும் இடமுண்டு. குயவனைப் பல தடவை கண்டிருக்கிறோம்; உலகம் செய்யப்படுவதை யாரும் கண்டதில்லை. ஒவ்வொரு பொருளும் தோன்றுகிறது என்பதால் எல்லாம் சேர்ந்த மொத்தமும் ஒருநாள் தோன்றியதாகுமா? இந்தக் கேள்விகள் நியாயமானவை. அனுமானம் இறைவன் இருக்க வேண்டும் என்ற வாசல் வரை கொண்டுவந்து விடும். அதற்கப்பால் சைவம் அனுபவத்தை நம்புகிறது. பாலில் நெய் போல மறைந்து நிற்கிறவர், கடைந்தால் முன்னே வந்து நிற்பார் என்ற பொருளில் அப்பர் பாடியதும் அதையே.

துன்பம் பற்றிய கேள்விக்குச் சித்தாந்தம் சொல்வதை அரைகுறையாகச் சொல்லக் கூடாது. வெறுமையிலிருந்து உயிரை இறைவன் படைத்தார் என்று சைவம் சொல்லவில்லை. உயிரும், அதன் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலமும் அவரைப் போலவே தொடக்கமில்லாதவை, அனாதி. செம்பில் களிம்பு போல ஆணவம் என்றைக்கும் ஒட்டியிருக்கிறது. அதைக் கழற்றவே உடம்பும் உலகமும். ஆகவே தீமையைச் செய்தவர் அவர் என்ற குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் துணை ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்ற வேதனை அப்படியே இருக்கும். கன்மத்தை, அதாவது முன்செய்த வினையைச் சொல்லி அதைத் தீர்க்கப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்மம் என் துன்பத்தை நான் தாங்கக் கற்றுக்கொள்ளும் பாடம். அடுத்தவர் துன்பத்துக்குத் தீர்ப்பெழுதும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை.

பூசைக்கு நேரம் இருந்தால் ஞானசம்பந்தரின் பதிகத்தை ஓதுங்கள். இன்று கிடைப்பது 10 பாடல்கள், நிதானமாக ஓதினால் கால் மணி நேரம் போகும். "கோயிலும் சுனையும் கடலுடன் சூழ்ந்த" என்று அவர் பாடிய மூன்றும் இன்றும் இந்த மலையில் உண்டு. அவர் இங்கே வந்து பாடவில்லை. இராமேச்சரத்தில் நின்று கடலுக்கு இக்கரையை நினைத்துப் பாடினார் என்கிறது பெரியபுராணம். காணாத தலத்தைப் பாடியவரின் பாட்டைத் தலத்தில் நின்று ஓதுகிறோம்.

பிறகு அர்ச்சனை. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயர் போதும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர், தனக்கு நம்பிக்கை இல்லாதவர், பொய்யாக ஒன்றை வேண்டிக்கொள்ள மனம் வராதவர் என்றால் அதற்கும் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. தட்டை நீட்டி, "சுவாமி பேருக்கு" என்று சொல்லுங்கள். ஐயர் வேறு ஒன்றும் கேட்க மாட்டார்.