தண்ணீர் நிறைந்த படகும் மிதக்க வேண்டும்

வீட்டு முற்றத்தில் சொந்தமாகக் கட்டிய பைபர் படகு பழுதுக்கு வந்தால் முதலில் அடிப்பகுதியைத் தட்டிப் பார்ப்போம். பெரும்பாலும் அங்கே குறை இருக்காது. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ணாடி இழை விரிப்பான மேட்டை ஓர் அடுக்கு கூடுதலாகவே போட்டிருப்பார்கள். தண்ணீர் உள்ளே ஏறிவிட்டால் படகு என்ன செய்யும் என்பதைத்தான் யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

இராமநாதபுரம் கரையில் அந்தக் கணக்கு இல்லாமல் முடியாது. வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழம் குறைந்தது. வாடைக்காற்று எழுந்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வரும். ஒன்றில் ஏறிய தண்ணீரை இறைத்து முடிக்கும் முன்பே அடுத்தது ஏறிவிடும். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், அலை நீளமானது, ஆனால் தீவுகளைச் சுற்றிப் பார் என்னும் பவளப்பாறைத் திட்டு கிடக்கிறது. எஞ்சின் நின்றால் காற்று படகை நேரே அதன்மேல் தள்ளும்.

தண்ணீர் பெரும்பாலும் ஏறுவது எஞ்சின் மாட்டும் பின்பலகை வழியாக. அவுட்போர்டில், அதாவது அந்தப் பலகையில் மாட்டும் எஞ்சினில், தண்ணீருக்குள் இறங்கும் தண்டு குட்டைக் கால் என்றால் 15 அங்குலம், நெட்டைக் கால் 20 அங்குலம். கையில் கிடைத்த குட்டைக் கால் எஞ்சினுக்காகப் பலகையை 5 அங்குலம் வெட்டி இறக்கிவிடுகிறார்கள். வலை இழுக்கும்போது இரண்டு பேர் பின்னால் நின்றால் போதும், வெட்டிய இடம் கடல் மட்டத்துக்கு வந்துவிடும். நெட்டைக் கால் எஞ்சின் வாங்குவதே சரி. முடியாவிட்டால் பின்பலகைக்கு முன்னால் பக்கச்சுவர் உயரத்துக்கு ஒரு தடுப்பு எழுப்பி, நடுவில் தேங்கும் தண்ணீர் தானே வெளியேற இருபுறமும் ஒன்றரை அங்குலத் துளை விட வேண்டும். போல்ட் துளைகளையும் கவனியுங்கள். துளைக்குள் ரெசின் என்னும் இறுகும் பிசினைத் தடவாமல் போல்ட்டை முறுக்கினால் உள்ளே இருக்கும் பிளைவுட் தண்ணீர் குடித்து ஊறும். வெளியே பைபர் பளபளவென்றுதான் இருக்கும். சுத்தியலால் தட்டினால் ‘டக்’ என்பதற்குப் பதில் ‘தொப்’ என்று சத்தம் வரும். அந்தப் பலகை எஞ்சினோடு பிய்த்துக்கொண்டு போகும்.

அடுத்தது மிதப்பு. பைபர் மிதக்கும் என்பது இந்தக் கரையில் பரவலான நம்பிக்கை. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பைபர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. காற்றை அடைத்து வைக்காவிட்டால் மூழ்கத்தான் செய்யும். 400 கிலோ பைபர் தண்ணீருக்குள் சுமார் 130 கிலோவாக எடை காட்டும். 45 கிலோ எஞ்சினுக்கு 30, நங்கூரத்துக்கும் ஈயக்குண்டுக்கும் 40, விளிம்பைப் பிடித்துத் தொங்கும் நான்கு பேருக்கு ஆளுக்கு 15 என்று வைத்தால் மொத்தம் 260 கிலோ. ஒரு லிட்டர் அடைத்த காற்று ஒரு கிலோவைத் தாங்கும் என்பதால் குறைந்தது 260 லிட்டர் வேண்டும். ஒன்றரை மடங்காக 400 லிட்டர் வைத்தால்தான் நிம்மதி. அதாவது 20 லிட்டர் கேன் 20.

இந்த இடத்தில்தான் தெர்மாகோல் ஏமாற்றுகிறது. பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் பட்டதும் அது கரைந்துவிடும், பெட்ரோல் பட்டாலும் அப்படியே. தெர்மாகோல் கட்டியை வைத்து மேலே ரெசின் பூசி மூடிய அறையைப் பிறகு அறுத்துப் பார்த்தால், ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டிய படலமும் நடுவே வெறும் பள்ளமும்தான் இருக்கும். அறைக்குள் திரவமாக ஊற்றிப் பொங்கி இறுகும் பியூ (பாலியூரிதேன்) ஃபோம் நல்லது. ஆனால் அறுத்த முகத்தை மூடாமல் விட்டால் அதுவும் வருடக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். மூடி இறுக்கிய கேன்களை வலைத்துண்டு போட்டுக் கட்டுவதைத்தான் நாங்கள் சொல்வோம். வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்கலாம். மூடியை வெயில் ஏறும் முன் காலையில் இறுக்குங்கள், இல்லையென்றால் குளிர்ந்ததும் கேன் உள்வாங்கும்.

எங்கே வைப்பது என்பது எவ்வளவு வைப்பது என்பதற்குச் சமமான விஷயம். எல்லா மிதப்பையும் அடித்தட்டுக்குக் கீழே அடைத்தால், தண்ணீர் நிறைந்ததும் படகு குப்புறக் கவிழும். இருபக்கமும் விளிம்பை ஒட்டி மேலே பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மீதியைப் படகின் முன்பகுதியான அணியத்திலும் எஞ்சினுக்கு இருபுறமும் வைக்கலாம். உள்ளே குறுக்குத் தடுப்பே இல்லாத படகில் கணுக்கால் அளவுத் தண்ணீர் கூட, சாய்ந்த பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை இன்னும் கூட்டும்.

ரெசின் கலவையில் ஒரு விஷயம் உயிரோடு சம்பந்தப்பட்டது: ரெசினை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று ஊற்றக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகு கேட்டலிஸ்ட். சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று கேட்டலிஸ்ட்டைக் கிலோவுக்கு 10 மில்லிக்குக் கீழே குறைத்தால் பைபர் முழுதாக வேகாது. அதற்குப் பதில் சின்னச் சின்ன அளவாகக் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு வேலை செய்யலாம்.

பெட்ரோல் கேனை மூடிய அறையில் வைக்காதீர்கள், ஆவி காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றைக் கைப்பிடியில் சுற்றி வைப்பதில் ஒரு பயனும் இல்லை. ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

படகை முதன்முதலில் தொழிலுக்கு விடும் முன் ஒரு சோதனை கட்டாயம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் வடகடல் அமைதியாக இருக்கும் ஒரு காலையில், இடுப்பளவு ஆழத்தில் நிறுத்துங்கள். எஞ்சினைக் கழற்றிவிட்டு அதற்கு ஈடாக 35 கிலோ இரும்பைப் பின்பலகையில் கட்டி, நங்கூரம், ஈயம் எல்லாவற்றையும் ஏற்றி, படகின் அடித்துளையை மூடியிருக்கும் அடைப்பானைத் திறந்து முழுக்கத் தண்ணீர் விடுங்கள். விளிம்பு சுற்றிலும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். நான்கு பேர் பிடித்துத் தொங்கும்போதும் படகு அமிழக் கூடாது. பிறகு இரண்டு பேர் ஒரே பக்கம் அழுத்தினாலும் புரளக் கூடாது. பின்பக்கம் அமிழ்ந்தால் எஞ்சின் பக்கத்துக்கு இரண்டு கேன் கூட்டுங்கள். புரண்டால் அடியில் இருக்கும் கேன்களை எடுத்து விளிம்புக்கு ஏற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள்.